ஓர வரிசையில் நான்காவது பறவை

தையல் மிஷின் ரிப்பேர் பார்ப்பவன் நான். இருபத்தாறு வருடமாக இதே பிழைப்பு. எந்த மிஷினாக இருந்தாலும் சரி, ஓடுகிற சத்தத்தை வைத்தே நோய் என்னவென்று சொல்லிவிடுவேன். பெண்டாட்டி மட்டும் எனக்குப் பிடிபடாத மாடல். சத்தம் போட்டாலும் புரியாது, சத்தம் போடாவிட்டால் சுத்தமாகப் புரியாது.

அவளுக்கு எல்லாரும் வைத்திருக்கும் பெயர் ‘கால் இன்ச்’. அவள் குவில்ட் தைக்கிறவள். குவில்ட் என்றால் என்னவென்று கேட்கிறவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: கடை கடையாக ஏறி இறங்கி நல்ல துணியாகப் பார்த்து வாங்க வேண்டும். அதை முக்கோணமும் சதுரமுமாக வெட்டித் தள்ள வேண்டும். வெட்டியதையெல்லாம் திரும்ப ஒன்றாகச் சேர்த்துத் தைக்க வேண்டும். அடியில் பஞ்சு விரிப்பு, அதற்கும் அடியில் ஒரு துணி, மூன்றையும் பிணைத்து மேலே தையல் ஓட்டினால் முடிந்தது, போர்வை. இதில் துண்டுக்குத் துண்டு ஓரத்தில் சரியாகக் கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் நாற்பது துண்டு சேர்ந்தபின் போர்வை வாயைக் கோணிக்கொண்டு நிற்கும். "கால் இன்ச், கால் இன்ச்" என்று அவள் நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லி அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

"வெட்டாமலேயே போத்திக்கலாமே?" என்று பதினோரு வருடத்துக்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டேன். நுணலும் தன் வாயால் கெடும். அந்த ஒரு வார்த்தைக்கு இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை மதியம் நூலகத்துக்கு மேலே இருக்கும் மாடி அறையில் அவர்கள் கூடுவார்கள். ஒன்பது பெண்கள். பல் டாக்டர் ஒருவர், டாக்ஸி ஓட்டும் அக்கா ஒருவர், கெமிஸ்ட்ரி டீச்சர் ஒருவர், இன்னும் ஐந்து பேர், அப்புறம் தலைவி மாதிரி என் மனைவி. நீளமான மேஜை, நாலு மிஷின், இஸ்திரிப் பெட்டி, சுவர் முழுக்கக் கம்பளித் துணி. அந்தத் துணிச்சுவரில் தைத்த கட்டத்தை வைத்து லேசாகத் தடவினாலே போதும், தானாக ஒட்டிக்கொள்ளும். தள்ளி நின்று பார்த்துக் குறை சொல்ல வசதியாக இருக்கும்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டுக்காரர்கள் வரக்கூடாது. மிஷின் ரிப்பேருக்கு வந்தால் வந்த வேலையை முடித்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். இந்தச் சட்டம் எப்படி வந்தது தெரியுமா? ஆரம்ப காலத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டியோடு வந்து மூலையில் உட்கார்ந்துகொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். அந்த அறிவாளி நான்தான். சட்டம் போட்டது என் மனைவி.

சரி, போகட்டும், எனக்கென்ன, என்று இருந்தேன். போன வருடம் பையன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், ஒரு டிவி. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடவும் விஷயம் வேண்டுமே? "சாப்பிட்டீங்களா?" "ம்." "தண்ணி வந்துச்சா?" "ம்." இப்படியே நாள் ஓடியது.

அப்படி ஒரு சனிக்கிழமை, இஸ்திரி மேஜைப் பக்கத்து மிஷினில் நூல் அறுகிறது என்று கூப்பிட்டார்கள். பெட்டியோடு படியேறினேன். பாதிப் படியில் உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. மூச்சு வாங்கி, ஒரு நொடி நின்று, மறுபடி பொங்குகிறது. ‘யாருடா இந்த அம்மா, இப்படிச் சிரிக்குது?’ என்று எனக்கே உதடு விரிந்தது. கதவைத் தள்ளிப் பார்த்தால் என் மனைவி. கண்ணில் தண்ணீர் வழிய, டாக்ஸி அக்காவின் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கடைசி மிஷின்தாங்க," என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அவள்மேல் கோபமா, அந்த எட்டுப் பேர்மேல் பொறாமையா, தெரியவில்லை. பொறாமைதான், மழுப்புவானேன். இருபத்தொன்பது வருடம் கூட இருந்தவனுக்குக் கிடைக்காதது ஒரு மேஜைக்குக் கிடைக்கிறது. அந்த மேஜையில் எனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். போய்க் கேட்டால் என்ன என்றால், பதினோரு வருடம் கேலி பேசிய வாய் இது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

வழி அந்தச் சட்டதிட்டத்திலேயே இருந்தது. புதிதாகச் சேர நினைப்பவர்கள் பன்னிரண்டு அங்குலக் கட்டம் ஒன்று தைத்து, பெயர் எழுதாத உறையில் போட்டு, மாடிப்படி கீழே இருக்கும் பெட்டியில் போட வேண்டும். அதைத் துணிச்சுவரில் ஒட்டி ஒன்பது பேரும் பார்ப்பார்கள். பிடித்தவர்கள் ஆளுக்கொரு குண்டூசியை அதன் ஓரத்தில் குத்துவார்கள். ஒன்பது ஊசியும் விழுந்தால் உள்ளே. ஒன்று குறைந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி வர வேண்டும். முகம் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று இதையும் ஏற்பாடு செய்தவள் என் மனைவிதான். ஒன்பது ஊசி விழுந்தபின் ‘இது நான்’ என்று போய் நின்றால், எந்தச் சட்டம் என்னைத் தடுக்கும் பார்ப்போம் என்று கணக்குப் போட்டேன்.

மிஷினைச் சரிசெய்தபின் துண்டுத் துணியில் தைத்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ மைல் நேர்க்கோடு தைத்திருக்கிறேன். ஆனால் இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்ததில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பழக ஆரம்பித்தேன். ‘பறவை வரிசை’ என்றொரு வகை. பெரிய முக்கோணம் பறவை. அதன் இரண்டு தோளிலும் ஒட்டுகிற சின்ன முக்கோணங்கள் வானம். அப்படி ஆறு பறவை ஒன்றன்பின் ஒன்றாக மேலே பறந்தால் ஒரு வரிசை. மூன்று வரிசை, பதினெட்டுப் பறவை. படத்தில் பார்க்கும்போது, இது என்ன பெரிய பிரமாதம் என்று தோன்றும். தைத்துப் பார்த்தால்தான் தெரியும். முதல் மாதம் என் பறவைகளுக்கு மூக்கே இல்லை, எல்லாம் தையலுக்குள் போய்விட்டது. கால் இன்ச், கால் இன்ச் என்று எனக்குள்ளேயே அவள் கத்திக்கொண்டிருந்தாள். பெண்டாட்டியின் பேச்சை இவ்வளவு கவனமாக நான் கேட்டதே இல்லை.

நாலு மாதம். பதினெட்டும் மூக்கும் முழியுமாக வந்தன. தைத்து முடித்த அன்றைக்கே உறையில் போட்டு, உறையைப் பெட்டியில் போட்டுவிட்டு, திருடன் மாதிரி கடைக்கு ஓடி வந்தேன்.

அவர்கள் அதை எடுத்துப் பார்க்கிற சனிக்கிழமை எது என்று எனக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் இருக்கும் கால்மிதி மிஷினுக்கு பெல்ட் அறுந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பெல்ட் அறுந்ததில் என் கைவரிசை எதுவும் இல்லை, சத்தியம். இந்தச் சனிக்கிழமைதான் எனக்கு ஒழியும் என்று சொன்னது மட்டும் என் சூழ்ச்சி.

போனேன். மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். தோல் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் ஒன்பது ஜோடிக் கால்கள் தெரிந்தன. என் மனைவி யோசிக்கும்போது வலது கால் பெருவிரலை ஆட்டுவாள். ஆட்டிக்கொண்டிருந்தாள்.

உறையைப் பிரிக்கும் சத்தம்.

"யாருப்பா இது?" டாக்ஸி அக்காவின் குரல். "முனையெல்லாம் முள்ளு மாதிரி நிக்குது!"

"நான் கட்டுற பல் செட்டுகூட இவ்வளவு வரிசையா இருக்காது," என்றார் பல் டாக்டர்.

என் மனைவி ஸ்கேலை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். "சுத்திவர கால் இன்ச் சரியா விட்டிருக்கு," என்றாள். அப்புறம் மெதுவாக, "நல்ல கை," என்றாள்.

நல்ல கை! கல்யாணம் ஆன நாளிலிருந்து என் கையைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் ‘எண்ணெய்க் கை, அதால எதையும் தொடாதீங்க’ என்பதுதான். மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு பல்லை இளித்தேன்.

அப்போதுதான் கெமிஸ்ட்ரி டீச்சர், "ஐயையோ, இங்க பாருங்களேன்!" என்றார். "இந்த ஓர வரிசையில நாலாவது. எல்லாப் பறவையும் மேல போகுது, இது மட்டும் கீழ பாக்குது!"

திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் கத்த முடியுமா? கையைக் கடித்துக்கொண்டு நினைவைத் துழாவினேன். வந்துவிட்டது. கடைசி நாள், கடைசி வரிசை. ஷட்டரை எவனோ டம் டம் என்று தட்டினான். டப்பாவில் சாப்பாடு வேறு ஆறிக்கொண்டிருந்தது. கையிலிருந்த துண்டை வைத்து ஒரே ஓட்டாக ஓட்டிவிட்டு எழுந்தேன். திரும்பி வந்து மீதியைத் தைத்தபோதும் அதைப் பார்க்கவே இல்லை. தலைகீழாக வைத்திருக்கிறேன். நாலு மாத உழைப்பும் நாலாவது பறவையில் நாசமாகப் போயிற்று.

"அது தப்பு இல்லடி," என்றார் டாக்ஸி அக்கா. அவர் குரல் மாறியிருந்தது. "எல்லாரும் கிளம்பிப் போறாங்க. ஒருத்தி மட்டும் திரும்பிப் பாக்குறா. விடியக்காலையில நான் வண்டிய எடுக்கறப்ப என் பொண்ணு ஜன்னல்ல நிப்பா. நானும் இப்படித்தான் திரும்பித் திரும்பிப் பாப்பேன்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"எனக்கு வேற மாதிரி தோணுது," என்றார் டீச்சர். "கூட்டம் போற பக்கமெல்லாம் நான் போக மாட்டேன்னு ஒரு பிடிவாதம். எவ்வளவு தைரியம் பாருங்க!"

"இது சாதாரண ஆள் பண்ணினது இல்ல," என்றார் பல் டாக்டர்.

ஊசிகள் விழுந்தன. விழ விழ அவரவர் எண்ணிச் சொன்னார்கள். ஐந்து. ஆறு. ஏழு. எட்டு. அடப்பாவி, நான் மேதையாகிவிட்டேன் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தால் போதும்.

"தப்பு," என்றாள் என் மனைவி.

"என்ன தப்பு?"

"தெரிஞ்சு பண்றவங்க நடுவுல, கண்ணு படுற இடத்துல வைப்பாங்க. இப்படி ஓரத்துல கொண்டு போய் ஒளிச்சு வைக்க மாட்டாங்க. இந்த வரிசையில தையலும் கொஞ்சம் வேகமா ஓடியிருக்கு பாருங்க. யாரோ கூப்பிட்டிருக்காங்க, இல்லன்னா சாப்பாடு ஆறுதேன்னு அவசரமா தச்சிருக்காங்க. நான் ஊசி குத்த மாட்டேன். மூணு மாசம் கழிச்சு வரட்டும்."

படுபாவி, அந்த இடத்தில் பக்கத்தில் நின்று பார்த்தவள் மாதிரி சொல்கிறாள்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே பெருமையாகவும் இருந்தது.

மேலே ரகளை ஆரம்பித்தது. "உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்றார் டாக்ஸி அக்கா. "எதை எடுத்தாலும் அளந்துதான் பாப்பியா?" என்றார் டீச்சர். "நீ மனுஷியே இல்ல, ஸ்கேலு!" என்று ஒரு குரல். எட்டுப் பேரும் ஒரே பக்கம். ஆடிக்கொண்டிருந்த பெருவிரல் நின்றுவிட்டது.

"அழகா இருக்குன்னு எனக்கும்தான் தெரியுது," என்றாள் அவள். குரல் மெலிந்திருந்தது. "எனக்கும் கண்ணு இருக்கு. ஆனா தப்பைப் பாத்து தப்பு இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"சரி, விட்டுக்கொடேன், ஒரே ஒரு ஊசிதானே," என்றார் பல் டாக்டர்.

நான் பேசாமல் கிடந்தால் இன்னும் இரண்டு நிமிடத்தில் அவளைக் கரைத்துவிடுவார்கள். ஒன்பதாவது ஊசி விழும். எனக்கு நாற்காலி கிடைக்கும். அவள் மட்டும், சரியாகச் சொன்ன ஒருத்தி மட்டும், கல்நெஞ்சக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு நிற்பாள். என் பெண்டாட்டியை நான் ஆயிரம் சொல்லுவேன். எட்டுப் பேர் சேர்ந்து சொன்னால்?

"தப்புதான்!" என்று கத்தினேன். "அவ சொல்றதுதான் சரி! சாப்பாடு ஆறிப்போச்சு!"

கத்திய வேகத்தில் எழுந்து மிஷினின் இரும்புச் சட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்டேன். தலையைத் தேய்த்தபடி, பெல்ட்டும் கையுமாகத் தவழ்ந்து வெளியே வந்தேன். ஒன்பது பேரும் வாயைப் பிளந்து நின்றார்கள்.

"நீங்களா?" என்றாள் அவள்.

"நான்தான்."

"இதைத் தச்சது... நீங்களா?"

"கடையில. மதியம் மதியம். நாலு மாசமா."

"சாப்பிட வீட்டுக்கு வராம டப்பா கொண்டு போனது இதுக்குத்தானா?"

"இதுக்குத்தான்."

"நான் வேற என்னென்னவோ நெனச்சேன்!"

"நாங்களும்தான் அண்ணே," என்றார் டாக்ஸி அக்கா. "மதியமானா கடை ஷட்டர் பாதி இறங்கிக் கிடக்குதே, அதை அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு போன வாரம்கூடப் பேசிக்கிட்டோம்."

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் என் மனைவி. "துணிய வெட்டாமலேயே போத்திக்கலாம்னு சொன்ன ஆளு நீங்க."

ஒன்பது பேர் பார்க்கிறார்கள். நெற்றி விண்விண் என்று தெறிக்கிறது. இனி மறைக்க என்ன இருக்கிறது? "ஒரு நாள் அந்தப் படியில நின்னேன்," என்றேன். "நீ சிரிச்சே. யாரோ வேற ஒருத்தின்னு நெனச்சேன், அப்படிச் சிரிச்சே. நம்ம வீட்டுல அப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு, சொல்லு? எனக்குக் குவில்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ சிரிக்கிற இடத்துல எனக்கும் ஒரு நாற்காலி வேணும். அவ்வளவுதான்."

பல் டாக்டர் மூக்கை உறிஞ்சினார். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவள் கால் இன்ச் ஆயிற்றே.

"சட்டம் சட்டம்தான்," என்றாள். "வீட்டுக்காரரா வந்தா உள்ள விட மாட்டோம்." காலால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "தப்பாத் தச்சவங்களா வந்தா, அதைச் சரி பண்ணாம வெளிய விட மாட்டோம். உக்காருங்க. பிரிங்க."

தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை என் கையில் கொடுத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து துணியின் மறுமுனையை விறைப்பாகப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தையலாக அறுத்தேன். இருபத்தாறு வருடம் பிறருடைய மிஷினைப் பிரித்துப் போட்ட கை, ஒன்பது பேர் முன்னால் நாலு அங்குலத் துணியைப் பிரிக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. நாலாவது பறவை தனியாகக் கழன்று வந்தது.

அதற்கப்புறம் ஆளாளுக்கு வாத்தியார் ஆனார்கள். "அப்படியே திருப்புங்க." "அப்படி இல்ல அண்ணே, நல்ல பக்கம் உள்ள வரணும்." "இப்ப திருப்புங்க." "ஐயோ, இந்தப் பக்கம்!" "ஊசி குத்திக்கோங்க." "மிஷின்ல வச்சுப் பாத்துட்டு ஒரு தடவை திருப்புங்க." திருப்பினேன். அவர்கள் சொன்ன ஒவ்வொரு தடவையும் திருப்பினேன். என் மனைவியும் மூக்கு நுனிக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்து கால் இன்ச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தைத்தேன். மேல் தையல், கீழ்த் தையல், பக்கத் தையல். ஒரு நூல் பிசகவில்லை. அவளே இஸ்திரி போட்டு, அவளே கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினாள். எல்லாரும் தள்ளி நின்று பார்த்தோம்.

பதினேழு பறவை மேலே போய்க்கொண்டிருந்தது. நாலாவது பறவை கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

பத்துப் பேர், இருபது கண், தைத்து முடிக்கும்வரை ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. எத்தனை தடவை திருப்பினேனோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். மெதுவாக என் மனைவி பக்கம் திரும்பினேன். அவள் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது. அப்புறம் கை விலகியது. சிரித்தாள் பாருங்கள்! வயிற்றிலிருந்து கிளம்பி, மூச்சு முட்டி, நின்று, மறுபடி பொங்கி, பிடிக்க எதுவும் கிடைக்காமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். "அளந்து... அளந்து பாத்தேனே..." என்று ஆரம்பிப்பாள், முடிக்க முடியாது. எட்டுப் பேரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். கீழே நூலகத்திலிருந்து ஒருவர் மேலே வந்து, கொஞ்சம் அமைதியாக இருக்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

"இப்ப சொல்லு," என்றார் டாக்ஸி அக்கா. "இது தப்பா, இல்லையா?"

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குண்டூசிப் பெட்டியிலிருந்து ஒரு ஊசியை எடுத்தாள். "முதல் தடவை தப்புதான், அதுல மாத்தமில்ல," என்றாள். "ஒன்பது பேர் பாத்துக்கிட்டு நிக்கறப்ப ரெண்டாவது தடவையும் அதே பக்கம் திரும்பினா, அதுக்கு மேல அது பறவையோட இஷ்டம்." ஒன்பதாவது ஊசியைக் குத்தினாள்.

வீடு போகும் வழியெல்லாம் விட்டு விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் எவ்வளவுதான் முறைத்தாலும் அடங்கவில்லை. கதவருகே வந்து சாவியைப் போடும்போது மறுபடி பிடித்துக்கொண்டது. குலுங்கிய குலுக்கலில் பூட்டில் சாவி நுழையவில்லை. "நீங்களே திறங்க," என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் திறந்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.